ஒரு ரீம் தாளில் அறுபது பிரதி: சின்ன இதழை நாமே அச்சிட்டு, மடித்து, தைத்து முடிப்பது

நாலு பேர் கூடினால் போதும், "நாமே ஒரு இதழ் போடலாமே" என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். குடியிருப்புச் சங்கமாக இருக்கலாம், வாசகர் வட்டமாக இருக்கலாம், ஒன்றாகப் படித்தவர்கள் கூட்டமாக இருக்கலாம். பேச்சு வந்த அன்றைக்கே பெயர் வைத்தாகிவிடும், அட்டைப்படம் யார் வரைவது என்பதுவரை முடிவாகிவிடும், ஆசிரியர் குழுவில் யார் யார் என்று ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்து போய்விடும். தாளைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடைசியில் எல்லாக் கட்டுரையும் வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் 37 பக்கம் இருக்கும், அதை எப்படி மடிப்பது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: தாளிலிருந்து தொடங்குங்கள். எத்தனை தாள், எப்படி மடிப்பு, எதால் கட்டுவது என்பது முதலில் முடிவாக வேண்டும். எழுத்து அதற்குள் வந்து உட்காரும்.

கணக்கு எளிதுதான். ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் இரண்டு ஏ5 இலை, அதாவது நான்கு பக்கம். ஆகவே நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிற எந்த இதழுக்கும் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 28, 32, 36 சரி. 30 பக்கம் என்று ஒன்று கிடையாது, வெற்றுப் பக்கம் இரண்டு விட்டால்தான் உண்டு. முதல் இதழுக்கு நான் 32 பக்கம்தான் சொல்வேன். எட்டுத் தாள். கடையில் கிடைக்கும் ஒரு ரீமில் 500 தாள் இருக்கும், அறுபது பிரதிக்கு 480 தாள் போக 20 மிச்சம். அந்த இருபதும் சோதனைக்கும், இயந்திரத்தில் சிக்கிக் கசங்குவதற்கும் போய்விடும். அட்டைக்குத் தனியாகக் கொஞ்சம் தடித்த தாள், கெட்டுப்போவதற்கு ஐந்தாறு சேர்த்து அறுபத்தைந்து. அறுபது பிரதி என்பது இரண்டு மூன்று பேர் ஒரு பிற்பகலில் முகம் கோணாமல் மடித்துத் தைக்கக்கூடிய அளவு என்பது என் அனுபவம். இருநூறு என்று ஆசைப்பட்டு இறங்கினால் நூறாவது பிரதியில் மடிப்பு கோணலாகத் தொடங்கும், நூற்றிருபதில் ஆட்கள் ஒவ்வொருவராக வேலை இருக்கிறது என்று எழுந்து போவார்கள்.

ஒரு ஏ5 பக்கத்தில் படிக்கத் தோதான அளவில் தமிழ் எழுத்தை வைத்தால் ஏறக்குறைய 200 முதல் 250 சொல் கொள்ளும். 1000 சொல் கட்டுரை என்றால் தலைப்பு, படம் எல்லாம் சேர்த்து ஐந்து பக்கம். எழுதுகிறவர்களிடம் "நல்லா எழுதிக் கொடுங்க" என்று சொல்லாமல் "மூணு பக்கம், அறுநூறு சொல்" என்று சொல்லிவிடுங்கள். அப்படியும் 1400 சொல் அனுப்புகிறவர் ஒருவர் இருப்பார். கையில் இரண்டு மூன்று குட்டிக் கவிதை, கோட்டோவியம் வைத்துக்கொள்ளுங்கள், பக்கம் நிரவ உதவும்.

இப்போது டம்மி, அதாவது வெற்றுத் தாளில் செய்து பார்க்கும் மாதிரி இதழ். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள். எட்டு வெற்றுத் தாளை எடுத்து, ஒவ்வொன்றாக நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். பென்சிலால் முதல் பக்கத்திலிருந்து 1, 2, 3 என்று 32 வரை எண் போடுங்கள். வலப்பக்கம் எப்போதும் ஒற்றைப்படை, இடப்பக்கம் இரட்டைப்படை. எண் போட்டு முடித்ததும் தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித் தாளின் ஒரு முகத்தில் இடது பக்கம் 32, வலது பக்கம் 1 இருக்கும். அதையே திருப்பினால் 2-ம் 31-ம். அடுத்த தாளில் 30, 3, பின்னால் 4, 29. எந்த முகத்தை எடுத்துக் கூட்டினாலும் 33 வரும், அதாவது மொத்தப் பக்கத்தோடு ஒன்று. நடுத் தாளின் உள்முகத்தில் மட்டும்தான் 16-ம் 17-ம் இயல்பாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்த பெரிய படம் போடுவதாக இருந்தால் அந்த நடுப்பக்கத்தில் போடுங்கள், வேறெங்கே போட்டாலும் இரண்டு தனித் தாளில் அச்சாகி, மடிப்பில் ஒட்டாமல் ஒரு மில்லிமீட்டராவது மேலே கீழே நிற்கும்.

அந்த டம்மியிலேயே எந்தப் பக்கத்தில் எது என்று எழுதிவிடுங்கள். ஒரு கதை 9-ல் தொடங்கி 12-ல் முடிகிறது, 13-ல் கவிதை, இப்படி. கணினியில் வடிவமைக்கிறவருக்கு இந்தக் கசங்கின சின்னப் புத்தகத்தைக் கொடுத்தால் பாதிக் கேள்வி குறையும்.

கோப்பை முதலிலிருந்தே ஏ5 அளவில் தொடங்க வேண்டும். பலர் ஏ4-ல் 12 புள்ளி எழுத்தில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அச்சிடும்போது சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஏ4 ஏ5 ஆகும்போது நீள அகலம் 71 சதவீதமாகக் குறையும், 12 புள்ளி எட்டரைப் புள்ளி ஆகிவிடும். வயதானவர்கள் இதழைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார்கள்.

ஓரம் சுற்றிலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் விடுங்கள், மடிப்புப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு கூட. வீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தாளின் விளிம்புவரை அச்சிடாது, நாலைந்து மில்லிமீட்டர் வெள்ளையாக விட்டுவிடும். அதனால் விளிம்பைத் தொடும் வண்ணப் பட்டை, பக்கம் முழுக்கப் படம் இதெல்லாம் முதல் இதழில் வேண்டாம்.

தமிழ் எழுத்துரு பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு முறையில் அனுப்புவார்கள். பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்தது வந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பையாகத் தெரியும், ஆகவே எல்லாமே யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பழையதை மாற்றி எடுக்க மாற்றிகள் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரான் (Catamaran) போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, இதழில் பயன்படுத்த யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. உடல் எழுத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. ஆறு எழுத்துருவைக் கலந்தால் அது இதழ் மாதிரி இருக்காது, திருவிழா நோட்டீஸ் மாதிரி இருக்கும்.

அளவு 10 அல்லது 10.5 புள்ளி. வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள், 15 புள்ளிவரை போகலாம். தமிழில் கி, கீ மேலே கொக்கி போடும், கு, கூ, ழு கீழே இறங்கும், இரண்டும் அடுத்தடுத்த வரியில் வந்தால் ஒன்றோடொன்று உரசும். இன்னொன்று, நம் சொற்கள் நீளம். "எடுத்துக்கொண்டிருந்தபோது" என்று ஒரே சொல் அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஏ5 பக்கத்தைச் செய்தித்தாள் மாதிரி இரண்டு பத்தியாகப் பிரித்து இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டை விழும். ஒரே பத்தியாக, இடது ஓரம் மட்டும் நேராக வையுங்கள். வலது ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

மென்பொருள் எதுவானாலும் சரி. லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் இலவசம், இந்த வேலைக்குப் போதும். ஸ்கிரைபஸ் பழகினவர்கள் அதில் செய்யலாம், ஆனால் பழைய 1.4 பதிப்பில் தமிழ் சரியாக வராது, 1.5 வரிசைக்குப் பிறகு வந்ததைப் பாருங்கள். இன்டிசைன் வைத்திருப்பவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும், "கொ" பார்க்கவே பரிதாபமாக இருக்கும். எதில் செய்தாலும் கடைசியில் பிடிஎஃப் ஆக்குங்கள், எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று ஆவணப் பண்புகளில் பாருங்கள், அப்புறம் அந்தப் பிடிஎஃபை வேறு யாருடைய கணினியிலாவது அல்லது கைபேசியிலாவது திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் அச்சிலும் சரியாக வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது அளவைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 பக்க அகலம் முழுக்க வரும் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், குறுக்கே ஏறக்குறைய 1750 பிக்சல் வேண்டும். பாதிப் பக்கப் படத்துக்குப் பாதி போதும். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதாக இருந்தால் படத்தைத் திரையில் பார்க்க நன்றாக இருக்கும் அளவைவிட ஒரு படி வெளுப்பாக்குங்கள், நிழல் பகுதி எல்லாம் தாளில் கறுத்து அடைந்துவிடும், குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்பவர்கள் காணாமல் போவார்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். உங்கள் கூட்டத்தில் நன்றாக வரைகிற ஒரு பிள்ளை இல்லாமல் இருக்காது, அவரிடம் கேளுங்கள். எழுதுகிறவர்களிடமும் "இதை அச்சிட எனக்குச் சம்மதம்" என்று ஒரு வரி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. காலமுறை இதழைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் சில நாடுகளில் உண்டு, நீங்கள் இருக்கும் இடத்தில் எப்படி என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

மெய்ப்பை, அதாவது பிழை திருத்தும் பிரதியை, திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்துப் பாருங்கள். எழுதியவரே பார்த்தால் தன் பிழை கண்ணில் படாது. இரண்டு பேர் பார்த்தால் நல்லது, ஒருவர் ஒற்றும் ல, ள, ழ-வும், இன்னொருவர் பெயர், தேதி, பக்க எண், உள்ளடக்கப் பட்டியல். பெயரில் பிழை வந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

அச்சு

பிடிஎஃப் 1, 2, 3 என்று வரிசையாகத்தான் இருக்கும். அதை 32–1, 2–31 என்று அச்சுக்கு ஏற்றபடி மாற்றி அடுக்க நீங்கள் மெனக்கெட வேண்டாம். அக்ரோபாட் ரீடரின் அச்சுப் பெட்டியில் புக்லெட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, லிப்ரே ஆஃபிஸில் ப்ரோஷர் என்று இருக்கும். அவை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் டம்மியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இரண்டு முகத்திலும் அச்சிடும்போது தாளை எந்தப் பக்கமாகத் திருப்புவது என்று கேட்கும். குட்டை விளிம்பு, ஷார்ட் எட்ஜ், அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் முதல் இதழில் இதைக் கவனிக்காமல் நீள விளிம்பில் விட்டு, நாற்பது பிரதிக்கு மேல் ஓடிய பிறகுதான் ஒன்றை மடித்துப் பார்த்தோம், ஒரு பக்கம் நேராக, திருப்பினால் அடுத்த பக்கம் தலைகீழாக. முந்நூற்றுச் சொச்சம் தாள். அதன் பிறகு எங்கள் வழக்கம் இது: ஒரே ஒரு பிரதியை அச்சிட்டு, மடித்து, பின் அடித்து, 1 முதல் 32 வரை புரட்டிப் பார்த்து, அப்புறம்தான் மிச்சம்.

இரண்டு முகத்தையும் தானாக அச்சிடாத இயந்திரம் என்றால் முதலில் எல்லா முன்முகத்தையும் அச்சிட்டு, கட்டைத் திருப்பி வைத்துப் பின்முகத்தை எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், எந்த முனை உள்ளே போக வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். வெற்றுத் தாளின் ஒரு மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். தெரிந்ததை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை ஞாபகம் இருக்காது.

எந்த இயந்திரம் என்று கேட்டால், கறுப்பு வெள்ளை லேசர்தான் இந்த அளவு வேலைக்குத் தோது. இங்க்ஜெட்டில் வண்ணம் அழகாக வரும், ஆனால் மெதுவாக ஓடும், ஈரக் கை பட்டால் பல மைகள் கலங்கும். இரண்டு மூன்று நூறு பிரதி, ஒன்றிரண்டு தனி வண்ணம் என்றால் ரிசோகிராஃப் வைத்திருக்கும் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள், பழைய சைக்ளோஸ்டைல் மாதிரியே மாஸ்டர் தாளில் துளையிட்டு அதன் வழியே மையைத் தள்ளும் இயந்திரம், பிரதி கூடக் கூடச் செலவு குறையும். ஜெராக்ஸ் எடுப்பதானாலும் தவறில்லை. மூலப் பிரதியைத் திருத்தமாக எடுத்து வையுங்கள், பிரதியின் பிரதியைப் பிரதி எடுத்தால் எழுத்து தடித்துக்கொண்டே போகும்.

தாளில் ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். உள்பக்கத்துக்கு 80 போதும், 70 என்றால் மறுபக்க எழுத்து கொஞ்சம் நிழலடிக்கும். அட்டைக்கு 160 முதல் 200. வீட்டு அச்சுப்பொறி அதற்கு மேல் தடித்ததை விழுங்காது, விழுங்கினாலும் நடுவில் நிறுத்திக்கொள்ளும். தடித்த தாளைக் கையால் ஊட்டும் தட்டில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, அமைப்பில் தடித்த தாள் என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சூடு பத்தாமல் டோனர் என்கிற மைத்தூள் விரல் பட்டதும் உதிரும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை லேசரில் போடாதீர்கள், அதன் பூச்சு உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு இதழ் செலவைவிட இயந்திரச் செலவு அதிகமாகும். ரீமை உடைத்தால் அன்றே முடியுங்கள், ஈரக்காற்று குடித்த தாள் அடிக்கடி சிக்கும்.

தாளுக்கு இழையோட்டம் உண்டு, கிரெயின் என்பார்கள். மரத்துக்கு இருப்பது மாதிரிதான். ஒரு தாளை நீளவாக்கில் மெதுவாக வளைத்துப் பாருங்கள், பிறகு குறுக்கு வாட்டில். எந்தப் பக்கம் சொன்னபடி வளைகிறதோ அந்த மடிப்புக்கு இணையாக இழை ஓடுகிறது. இழைக்கு இணையாக மடித்தால் மடிப்பு கத்தியாக உட்காரும், குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும், தடித்த தாள் என்றால் வெடிக்கும். வழக்கமான ஏ4 ரீமில் இழை பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும், நாமோ அதைக் குறுக்கே மடிக்கிறோம். உள்தாளுக்குப் பெரிய குறையில்லை. அட்டைக்கு மட்டும் மடிக்கும் முன் கோடு அழுத்தியாக வேண்டும்.

மடிப்பும் தையலும்

அட்டையின் நடுவை அளந்து, ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா முனையால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். இதற்குத்தான் அச்சகத்தில் க்ரீசிங் என்று பெயர். அந்தக் கோட்டில் மடித்தால் வெடிக்காது. ஆனால் மடிப்புக்கு மேல் அடர்ந்த கறுப்பு நிறம் ஓடினால் என்ன செய்தாலும் வெள்ளைக் கீறல் விழும், லேசர் டோனர் தாளுக்குள் ஊறாமல் மேலேயே படிந்து நிற்பதால் மடித்த இடத்தில் அது உடைகிறது. அட்டை வரைகிறவரிடம் முதுகுப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

உள்தாள்களை எட்டையும் ஒரே தடவையில் மடித்தால் தடிமன் முரண்டு பிடிக்கும். நாலு நாலாக மடியுங்கள். மூலையோடு மூலை பொருத்தி, ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தேய்த்துப் போங்கள். பைண்டர்கள் இதற்கு எலும்புப் பட்டை வைத்திருப்பார்கள், ஸ்பூனின் முதுகுப் பக்கமே போதும். டோனர் மேல் நேரடியாகத் தேய்த்தால் பளபளப்பான தடம் விழும், ஒரு வெற்றுத் தாளை நடுவில் வைத்துத் தேயுங்கள்.

இயந்திரம் பிரதி பிரதியாகத் தள்ளியிருந்தால் அடுக்கும் வேலை மிச்சம். தாள் தாளாக வந்திருந்தால் மேசையில் எட்டுக் கட்டாகப் பரப்பி, சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்க்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கட்டைத் தாண்டிவிடுவது சாதாரணம். எங்களுக்கும் நடந்தது. ஒரு பிரதியில் ஐந்தாவது தாளே இல்லை, அதாவது 9, 10, அப்புறம் எங்கேயோ தள்ளி 23, 24. அதை வாங்கியவர் கதையில் ஏதோ நவீன உத்தி என்று நினைத்துக்கொண்டு பாராட்டி எழுதியிருந்தார்.

இனிப் பின் அடிப்பது. சாதாரண ஸ்டேப்ளர் ஏ5 முதுகுவரை எட்டாது. கை நீண்ட ஸ்டேப்ளர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பல இதழுக்கு உழைக்கும். கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்டேப்ளரின் அடித்தட்டை முழுக்கத் திறந்து விலக்கிவிட்டு, இதழை அட்டை மேலே தெரியும்படி விரித்து, அடியில் நெளி அட்டைப்பெட்டித் துண்டோ தெர்மாகோலோ வைத்து, மடிப்புக் கோட்டின் மேல் நேராக அழுத்துங்கள். பின்னின் இரண்டு காலும் கீழே இறங்கியிருக்கும். மெதுவாக உருவி எடுத்துத் திருப்பி, கால்களை ஸ்பூனால் உள்பக்கமாக மடக்கிவிடுங்கள். பின்னின் முதுகு வெளியேயும் கால் உள்ளேயும் வர வேண்டும், மாறிப்போனால் படிக்கிறவர் விரலைக் கீறும். இரண்டு பின் போதும், மேலிருந்தும் கீழிருந்தும் ஐந்து சென்டிமீட்டர் உள்ளே. 24/6 பின் எட்டுத் தாளும் அட்டையும் உள்ள இதழுக்குத் தாராளம்.

பின்னைவிட எனக்கு நூல் தையல் பிடிக்கும். துருப்பிடிக்காது, திறந்தால் தட்டையாக விரியும், பார்க்கவும் அழகு. மூன்று துளைதான். மடிப்பின் நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து நாலு சென்டிமீட்டர் உள்ளே ஒவ்வொன்று. துளை இடம் குறித்த ஒரு அட்டைத் துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு எல்லாப் பிரதிக்கும் குத்தூசியால் குத்தி வையுங்கள், உள்ளேயிருந்து வெளியே. நூல் இதழின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தால் முறுக்கிக்கொள்ளாது. ஊசியை உள்ளேயிருந்து நடுத்துளை வழியே வெளியே விடுங்கள், அரைச் சாண் நூலை உள்ளேயே விட்டுவைத்து. வெளியே மேல் துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த் துளைக்கு இறங்கி வெளியே விடுங்கள். வெளியே மறுபடி நடுவுக்கு வந்து உள்ளே நுழையுங்கள். இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே நடுவில் இருக்கும், நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வருமாறு வைத்து, மடிப்புக்கு இணையாக இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நேர்செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும். முதல் பிரதிக்குப் பத்து நிமிடம் ஆகும், பத்தாவது பிரதிக்கு இரண்டு நிமிடம்.

நடு மடிப்பு முறையில் 48 பக்கம்வரை கவலையில்லாமல் போகலாம், 64 தாண்டினால் இதழ் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவ்வளவு பக்கம் இருந்தால் முதுகில் பசை பூசும் முறைக்குப் போக வேண்டும், பெர்ஃபெக்ட் பைண்டிங். அதற்குத் தாள்களை ஏ5 துண்டாக வெட்டி, சீராகத் தட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் முதுகு சற்றே வெளியே தெரிய இறுக்க வேண்டும். முதுகை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரம்பத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் நாலைந்து கீறல் போட்டு, வெள்ளைப் பசையை மெல்லியதாக இரண்டு முறை பூசிக் காயவிட்டு, மூன்றாவது பூச்சில் அட்டையைச் சுற்ற வேண்டும். முதுகு அகலத்துக்கு, 80 ஜிஎஸ்எம் தாள் பத்து இலைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள் ஓரம் 20 மில்லிமீட்டராவது வேண்டும், இதழ் முழுக்க விரியாது. முதல் இதழிலேயே இதில் இறங்காதீர்கள். பசை ஒழுங்காகப் பிடிக்காத பிரதியிலிருந்து பக்கங்கள் சீட்டுக்கட்டு மாதிரி உதிர்வதைப் பார்ப்பது மனசுக்குக் கஷ்டம்.

தைத்த இதழை மூடிப் பார்த்தால் உள்தாள்கள் வெளித்தாளைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகியதால் வருவது, எட்டுத் தாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு. அப்படியே விட்டாலும் பரவாயில்லை, சில இதழ்களுக்கு அதுவே ஒரு அழகு. வெட்டுவதானால் திறக்கும் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், இரும்பு ஸ்கேலும் புது பிளேடு போட்ட கட்டரும் வைத்து. ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள், அமுக்கினால் கத்தி சறுக்கி அடித்தாள்கள் கோணலாகும், சில சமயம் விரலும் போகும். லேசாகப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். ஸ்கேலைப் பிடிக்கும் கட்டைவிரல் விளிம்புக்கு வெளியே நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக அறுபதையும் வெட்ட வேண்டுமானால் பக்கத்து அச்சகத்தில் கில்லட்டின் என்கிற வெட்டும் இயந்திரம் வைத்திருப்பார்கள், கேட்டால் ஐந்து நிமிட வேலை. முடிந்ததைப் பத்துப் பத்தாக, முதுகு மாறி மாறி வரும்படி அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு தராசு, சமையலறையில் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதனால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று ஐந்து கிராம். எட்டுத் தாள் 40, 160 ஜிஎஸ்எம் அட்டை 10, ஆக ஒரு பிரதி 50 கிராம். ஓரம் வெட்டியிருந்தால் ஒரு கிராமுக்குள் குறையும். எல்லாப் பிரதியையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், மற்றவற்றைவிட ஐந்து கிராம் குறைவாகக் காட்டுவதில் ஒரு தாள் இல்லை, ஐந்து கூடினால் ஒன்று இரட்டையாகச் சேர்ந்திருக்கிறது. அஞ்சலில் அனுப்புவதானால் உறையோடு சேர்த்த எடையும் இங்கேயே தெரிந்துவிடும்.

மிஞ்சிய நல்ல தாள்களை எறியாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள், யாராவது குறைப் பிரதியைத் திருப்பிக் கொண்டுவந்தால் பிரித்துச் சேர்த்துத் தைத்துத் தரலாம். டம்மியும் அதே உறைக்குள் இருக்கட்டும், அடுத்த இதழும் 32 பக்கம்தான் என்றால் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதிலேயே தொடங்கலாம்.